சான்றின்றித் திரும்பியவள்: கார்ல் சேகனின் ‘காண்டாக்ட்’ புதினமும் வானொலி வானியலின் மெய்ப்பிப்பு நெறியும்

ஆய்வுச்சுருக்கம்

கார்ல் சேகனின் ‘காண்டாக்ட்’ (1985) புதினத்தை அறிவியலுக்கும் சமயத்துக்கும் இடையிலான விவாதமாக வாசிப்பதே வழக்கம். இக்கட்டுரை அப்புதினத்தை அதன் கதைக்களமான வானொலி வானியலின் மெய்ப்பிப்பு நெறியைக் கொண்டு வாசிக்கிறது. ஒரு சமிக்ஞை மறுமுறை கேட்கப்படும்வரை, வேறொரு கருவியால் உறுதிசெய்யப்படும்வரை, அது கண்டுபிடிப்பாகாது என்பதே அந்நெறி. புதினத்தின் முற்பகுதி இந்நெறியைக் கதைப்பின்னலாகவே மாற்றுகிறது; பிற்பகுதி கதைத்தலைவியை அந்நெறிக்கு எதிரே நிறுத்துகிறது; இறுதி இயல் அந்நெருக்கடியிலிருந்து அவளை மீட்டுவிடுகிறது. அம்மீட்பு புதினத்தின் குறை என்பது இக்கட்டுரையின் வாதம். 1997இல் வெளிவந்த திரைவடிவமும், ஸ்தனிஸ்லாவ் லெம்மின் 1968ஆம் ஆண்டுப் போலிஷ் புதினமும் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வானொலி வானியல், கார்ல் சேகன், ஸ்தனிஸ்லாவ் லெம், அறிவியல் புனைவு, சான்று, அளவை

முன்னுரை

1960 ஏப்ரலில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கிரீன் பேங்க் வானாய்வகத்தில், ஃபிராங்க் டிரேக் 26 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை ‘டௌ செட்டி’, ‘எப்சிலான் எரிடானி’ என்னும் இரு விண்மீன்களை நோக்கித் திருப்பினார். புவிக்கு அப்பாலுள்ள அறிவுயிர்களின் வானொலிச் சமிக்ஞையைத் தேடிய முதல் நவீன முயற்சி அதுவே. ‘ஓஸ்மா’ என்னும் அதன் பெயர், ஃபிராங்க் பாம் எழுதிய ‘ஓஸ்’ சிறுவர் கதைகளில் வரும் இளவரசியினுடையது. முதல் நாளிலேயே எப்சிலான் எரிடானியின் திசையிலிருந்து வலுவான துடிப்பொன்று பதிவாயிற்று. தொலைநோக்கியை விலக்கியபோது அது மறைந்தது. மீண்டும் திருப்பியபோது வரவில்லை. டிரேக் வானத்தின் எல்லாத் திசைகளையும் கேட்கவல்ல சிறிய அலைவாங்கியொன்றைத் துணையாக அமைத்தார். சில நாட்கள் கழித்து அதே துடிப்பு திரும்பியபோது, பெரிய தொலைநோக்கியிலும் சிறிய அலைவாங்கியிலும் ஒருங்கே கேட்டது. விண்மீனிலிருந்து வரும் மெல்லிய அலையைச் சிறிய கருவி கேட்டிருக்க இயலாது. ஆகவே அது அண்மையிலிருந்து, பெரும்பாலும் உயரப் பறந்த விமானமொன்றிலிருந்து, வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு டிரேக் வந்தார்.

இத்துறையின் ஒழுக்கம் முழுவதும் இச்சிறு நிகழ்வில் அடங்கியுள்ளது. கேட்டவர் முதலில் தம் செவியையே ஐயுறுகிறார். தாம் விரும்புவதைப் பொய்யாக்கக்கூடிய கருவியைத் தாமே அமைக்கிறார். இத்தகைய ஒழுக்கத்துக்குள் வாழும் ஒருத்தியைக் கதைத்தலைவியாக்கும் புனைவு எதனைச் சான்றாகக் கொள்ளும், எவ்விடத்தில் சான்றின்மையை ஏற்கும் என்பது கதைப்பொருள் சார்ந்த வினா மட்டுமன்று. அப்புனைவின் வடிவத்தையே தீர்மானிக்கும் வினா.

மறுமுறை என்னும் அறம்

1959 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் ஜூசெப்பே கொக்கோனியும் ஃபிலிப் மாரிசனும் வெளியிட்ட குறுங்கட்டுரையே இத்தேடலுக்கு இயற்பியல் அடிப்படையை அளித்தது. நடுநிலை ஹைட்ரஜன் இயல்பாக உமிழும் 1420 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணைப் பேரண்டத்தில் வானியல் அறிந்த எவரும் அறிந்திருப்பர். ஆகவே அங்கே தேடுக என்பது அவர்தம் பரிந்துரை. எங்கே கேட்பது என்பதற்கு அது விடையளித்தது. கேட்டதை எவ்வாறு நம்புவது என்பதைத் துறை பட்டறிவால் கற்றது.

அவ்வாறு கற்றதன் இரு நிகழ்வுகள் இங்கு வேண்டப்படுகின்றன. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், 1.33 நொடிக்கொருமுறை பிசகாது வரும் துடிப்பைக் கண்டார். சிறிய பச்சை மனிதர்கள் என்ற பொருளில் அதற்கு அரைவிளையாட்டாய் ஒரு குறியீட்டுப் பெயரும் இடப்பட்டது. வானின் முற்றிலும் வேறொரு பகுதியிலிருந்து இரண்டாவது துடிப்பை அவரே கண்டபோது அக்கருத்து கைவிடப்பட்டது. இரு வேறு இடங்களிலுள்ள உயிர்கள் ஒரே வேளையில் ஒரே வகைச் சமிக்ஞையை அனுப்புவது நம்பத்தக்கதன்று. அவர் கண்டவை துடிவிண்மீன்கள். இங்கே மறுமுறை கேட்டதே அயலார் என்னும் கருத்தைத் தகர்த்தது.

இரண்டாவது நிகழ்வு இதற்கு நேர்மாறானது. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘பிக் இயர்’ தொலைநோக்கி 72 நொடிகளுக்கு வலுவான, குறுகிய அலைவரிசைச் சமிக்ஞையொன்றைப் பதிவுசெய்தது. அவ்வேளையில் அதனைக் கேட்டவர் எவருமிலர். சில நாட்களுக்குப்பின் கணினி அச்சிட்ட தாளைப் படித்துக்கொண்டிருந்த ஜெரி எஹ்மன், ஆறு எழுத்தும் எண்ணுமான ஒரு வரிசையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘வாவ்’ என்று எழுதினார். அது செவியால் கேட்ட கண்டுபிடிப்பன்று, தாளில் வாசித்த கண்டுபிடிப்பு. அத்தொலைநோக்கிக்கு இரு அலையேற்பிகள் இருந்தன. ஒன்றில் பட்ட விண்பொருள் சில நிமிட இடைவெளியில் மற்றொன்றிலும் படவேண்டும். சமிக்ஞை ஒன்றில் மட்டுமே இருந்தது. பின்னர்ப் பலமுறை தேடியும் அது மீளவில்லை. எஹ்மன் அதனை அயலாரின் அழைப்பென்று அறிவிக்கவில்லை. தம் வாழ்நாளின் மிகப் பெரிய பதிவைக் கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் உரிமை கொண்டாடாதிருத்தல் எளிய செயலன்று.

இத்தேடலை முல்லைத்திணையின் ‘இருத்தல்’ ஒழுக்கத்தோடு ஒப்பிடத் தமிழ் ஆய்வாளர்க்குத் தோன்றக்கூடும். அவ்வொப்புமை நெடுந்தூரம் செல்லாது. முல்லைத் தலைவிக்குத் தலைவன் யாரென்று தெரியும், அவன் குறித்துச் சென்ற பருவமும் தெரியும். கார் வந்ததா இல்லையா என்பதே அவளது ஐயம். வானொலித் தொலைநோக்கியின் முன்னிருப்போர்க்கு வருவேன் என்று சொல்லிச் சென்றவர் எவருமில்லை. இங்குப் பயன்படக்கூடிய தமிழ்ச் சொல்வளம் அகத்திணை சார்ந்ததன்று, அளவை சார்ந்தது. காண்டல், கருதல், உரை எனத் தமிழ்ச் சமயவாதிகள் நெடுங்காலம் வாதிட்ட அறிவாயில்களுள் எவற்றை ஏற்பது என்பதே இத்துறையின் வினாவும் ஆகும். மணிமேகலையில் அறவண அடிகள் உணர்த்தும் பௌத்த அளவை காண்டலும் கருதலுமாகிய இரண்டையே தனி அளவைகளாகக் கொள்கிறது. வானொலி வானியலும் அத்தகையதே. அங்கே ஒருவரின் உரை, அவர் எத்துணை நேர்மையாளராயினும், தனியளவையாகாது.

புதினத்தின் முற்பகுதி: சுழலும் புவி

சேகன் இத்துறைக்கு அயலவரல்லர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1974இல் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கொத்தை நோக்கி டிரேக் வடிவமைத்து அனுப்பிய 1679 இருமக்குறிகளாலான செய்தியின் ஆக்கத்தில் பங்கேற்றவர். ‘காண்டாக்ட்’ முதலில் அவரும் ஆன் ட்ரூயனும் சேர்ந்து எழுதிய திரைக்கதைச் சுருக்கமாகத் தோன்றிப் பின்னரே புதினமாயிற்று. கதைத்தலைவி எல்லி அரோவே, நியூ மெக்சிகோவில் 131 தொலைநோக்கிகள் கொண்ட ‘ஆர்கஸ்’ என்னும் கற்பனை ஆய்வுநிலையத்தின் இயக்குநர். அவளது உருவாக்கத்தில் இத்தேடலின் முன்னணி ஆய்வாளரான ஜில் டார்ட்டரின் சாயல் உண்டு என்பது பரவலாக அறியப்பட்டதே.

26 ஒளியாண்டு தொலைவிலுள்ள வேகா விண்மீனிலிருந்து பகா எண்களின் வரிசை வருகிறது. இவ்விடத்தில் சேகன் கையாளும் உத்தி குறிப்பிடத்தக்கது. பரபரப்பை அவர் சமிக்ஞையின் வியப்பிலிருந்து பெறுவதில்லை, சரிபார்த்தலிலிருந்தே பெறுகிறார். செயற்கைக்கோளா, விமானமா, எவரேனும் செய்யும் குறும்பா எனப் பணியிலிருப்போர் ஒவ்வொன்றாக விலக்குகின்றனர். பின்பு வேகா அடிவானத்துக்குக் கீழே இறங்கத் தொடங்குகிறது. புவி சுழல்வதால் நியூ மெக்சிகோவில் மறையும் விண்மீனை மேற்கேயுள்ள வேறொரு நாட்டின் தொலைநோக்கியே தொடர்ந்து கேட்க இயலும். ஆகவே எல்லி உலகின் ஆய்வகங்களுக்குச் செய்தி அனுப்புகிறாள். பாதுகாப்புத் துறையினர் சினமுறும்போது அவள் கூறும் விடை அரசியல் விடையன்று, வானியல் விடை: எந்த ஒரு நாடும் தன் நிலத்திலிருந்து மட்டும் இச்செய்தியை முழுமையாகப் பெற இயலாது.

புதினத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே. பனிப்போர்க்கால உலகில் நாடுகளின் ஒத்துழைப்பை வலியுறுத்த விரும்பிய எழுத்தாளர் அதனை அறவுரையாகச் சொல்லாமல் புவியின் சுழற்சியிடம் ஒப்படைத்துவிட்டார். சரிபார்த்தல் என்னும் தொழில்நெறியும் கதையோட்டமும் இங்கே ஒன்றாகின்றன. அவ்வாறே, பகா எண்களுக்கு அடியில் புதைந்து வரும் காட்சி 1936 பெர்லின் ஒலிம்பிக் தொடக்கவிழாவில் இட்லர் தோன்றிய தொலைக்காட்சி ஒளிபரப்பு என அறியும் இடமும் வலுவானது. வேகாவிலிருந்து வந்த முதற்படம் புவி தன்னையறியாமல் அனுப்பிய படம். எதிரொலியைக் காட்டி ‘கேட்டோம்’ என்று உறுதிசெய்யும் அயலாரும் மெய்ப்பிப்பு நெறி அறிந்தவர்களே.

தொடக்க இயல்களில் இழையோடும் மற்றொன்றையும் விடலாகாது. ஆண்கள் நிறைந்த கூட்டங்களில் எல்லியின் சொல் கேட்கப்படாமலே போகிறது. மெல்லிய அலைகளைப் பிரித்தறிவதையே தொழிலாகக் கொண்ட துறை, அருகில் அமர்ந்து பேசும் பெண்ணின் குரலை இரைச்சலாகத் தள்ளிவிடுகிறது. சேகன் இம்முரணை அழுத்திச் சொல்வதில்லை. ஆயினும் பிற்பகுதியில் அவளது சான்றுரை மறுக்கப்படும்போது வாசகர் இதனை நினையாதிருக்க இயலாது.

ஒரே கூடத்தில் ஐவர்

செய்தியின் அடுக்குகள் அவிழ்க்கப்பட்டு, அது ஓர் இயந்திரத்தின் வரைபடம் எனத் தெரிகிறது. இயந்திரம் கட்டப்படும் நடுப்பகுதி நீண்டு தளர்கிறது. தொழிலதிபர் ஹேடனின் ஆடம்பரங்களை விவரிக்கும் பக்கங்களை விரைந்து கடக்கலாம். எல்லியுடன் உருசிய வானியலாளர் லுனாச்சார்ஸ்கி, இந்திய உயிரியலாளர் தேவி சுகாவதி, சீன அறிஞர் ஷீ, நைஜீரிய இயற்பியலாளர் எடா ஆகியோர் அதில் அமர்கின்றனர். புழுத்துளைகளின் வழியே அவர்கள் விண்மீன்மண்டலத்தின் மையத்தை அடைகின்றனர். அங்கே ஒரு கடற்கரையில் ஒவ்வொருவரையும் அவரவர் அன்புக்குரியவரின் உருவில் அயலார் சந்திக்கின்றனர். எல்லியின்முன் தோன்றுவது இறந்துபோன தந்தையின் உருவம். திரும்பி வந்தபோது புவியில் கழிந்தது மிகச் சிறு பொழுது. இயந்திரம் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. ஒளிப்பதிவுகள் அழிந்திருக்கின்றன. ஐவரும் கூட்டுச்சதி செய்ததாக அரசு குற்றஞ்சாட்டுகிறது.

திரைப்படத்தில் ஒருத்தி மட்டுமே செல்ல, புதினத்தில் ஐவர் செல்வதால் புதினத்தில் சான்று வலுவாக உள்ளது எனக் கருத இடமுண்டு. வானொலி வானியலின் நோக்கில் அக்கருத்து நிற்பதில்லை. ஒரே தொலைநோக்கியில் பொருத்திய இரு ஏற்பிகள் ஒரே குறுக்கீட்டால் ஒருங்கே ஏமாறக்கூடும். அவை இரண்டு சான்றுகள் ஆகா. தனித்த இடத்திலுள்ள தனித்த கருவியே இரண்டாம் சான்று. ஐவரும் ஒரே கூடத்துக்குள் அமர்ந்திருந்தனர். கடற்கரையில் அவர்கள் கண்டதோ ஒன்றுபோலில்லை; ஐவர்க்கு ஐந்து முகங்கள். எல்லியே ஆர்கஸ் நிலையத்தின் இயக்குநராக அமர்ந்து இப்பதிவை மதிப்பிட்டிருப்பின் ‘உறுதிசெய்யப்படவில்லை’ என்றே குறித்திருப்பாள்.

அவளை விசாரிக்கும் கிட்ஸ் தீயவனாகச் சித்திரிக்கப்படுகிறான். ஆயினும் அவன் கேட்கும் வினாக்கள் அவளது துறையின் வினாக்களே. இதனைப் புதினம் முழுமையாக உணர்ந்திருக்கிறதா என்பது ஐயத்துக்குரியது. அவனது குரலில் அதிகார வெறியை மிகுதியாக ஏற்றிவிட்டதால் வினாவின் நேர்மை மங்குகிறது. சான்று வேண்டுமென்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய சமயப் பரப்புரையாளர் பாமர் ஜாஸிடம் இப்போது அவளே தன் உரையை ஏற்குமாறு நிற்க நேர்கிறது. காண்டலையும் கருதலையும் மட்டுமே ஏற்றவள் உரையளவையின் வாயிலில் நிற்கிறாள். சேகனின் எழுத்து இதைவிடக் கூரிய இடத்தைத் தொடவில்லை.

வட்டம் என்னும் பரிசு

அவ்விடத்தில் நிற்கப் புதினம் துணியவில்லை. அயலார் அவளிடம் ஒரு குறிப்பை விட்டிருந்தனர்: பை என்னும் எண்ணின் தசமப் புள்ளிக்கு அப்பாலுள்ள நெடும் இலக்க வரிசைக்குள் ஏதோ பொதிந்துள்ளது என்று. எல்லி கணினியில் அதனைத் தேடுகிறாள். இறுதி இயலில், பதினொன்றன் அடிமானத்தில், சுழியங்களும் ஒன்றுகளும் மட்டுமே வரும் ஒரு நீண்ட பகுதி கிடைக்கிறது. அதனைச் சதுரமாக அடுக்கினால் நடுவே ஒரு வட்டம் தெரிகிறது. பேரண்டத்தை வடிவமைத்த அறிவொன்று தன் கையொப்பத்தைக் கணிதத்துக்குள்ளேயே விட்டிருக்கிறது என்பது உட்பொருள்.

இம்முடிவு சேகனின் வாசகரிடையே மிகவும் போற்றப்படுவது. அதன் நயம் மறுக்கத்தக்கதன்று. எவரும் எங்கிருந்தும் மறுமுறை கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய சான்று அது. மெய்ப்பிப்பு நெறிக்கு அது முற்றிலும் இணங்குகிறது. குறையும் அங்கேயே உள்ளது. மெய்ப்பிக்க இயலாத உண்மையோடு ஒரு விஞ்ஞானி எவ்வாறு வாழ்வது என்னும் வினாவை இருநூறு பக்கங்களுக்கும் மேலாகக் கட்டியெழுப்பிய புதினம், மெய்ப்பிப்பு கிடைத்துவிட்டது எனக்கூறி அவ்வினாவையே நீக்கிவிடுகிறது. எஹ்மனுக்கு வட்டம் கிடைக்கவில்லை. அவர் வரைந்த வட்டமே அவருக்கு எஞ்சியது. எல்லிக்குக் கிடைத்தது.

ராபர்ட் செமெக்கிஸ் இயக்கிய திரைப்படம் (1997) பை எண்ணைக் கைவிட்டது. ஜோடி ஃபாஸ்டர் நடித்த எல்லி விசாரணைக் குழுவின்முன் சான்றேதும் இல்லையென ஒப்புக்கொள்கிறாள். ஆயினும் தன் அனுபவத்தைத் துறக்க மறுக்கிறாள். புதினத்தைவிட இது நேர்மையானது என்று தோன்றும் வேளையில் படமும் பின்வாங்குகிறது. அவளது ஒளிப்பதிவுக் கருவியில் வெறும் இரைச்சலே இருந்தாலும் அது ஏறத்தாழ 18 மணிநேரம் நீள்கிறது என்று இரு அதிகாரிகள் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். எல்லிக்கு அது தெரியாது, பார்வையாளர்க்குத் தெரியும். ஐயத்தில் நிற்கும் துன்பம் கதைமாந்தர்க்கு, உறுதி நமக்கு. புதினம் கதைத்தலைவியைக் காப்பாற்றியது என்றால், படம் பார்வையாளரைக் காப்பாற்றியது. (காதணிக் கேட்பிகளோடு வெட்டவெளியில் அமர்ந்து விண்மீன்களைக் கேட்கும் புகழ்பெற்ற காட்சியும் படத்தின் சலுகையே. இலட்சக்கணக்கான அலைவரிசைகளை ஒருங்கே ஆராயும் பணியைக் கணினிகளே செய்கின்றன.)

லெம்மின் மறுப்பு

சேகனுக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே ஸ்தனிஸ்லாவ் லெம் இவ்வினாவின் மறுகரையில் நின்றார். ‘எசமானின் குரல்’ எனப் பொருள்படும் தலைப்புடைய அவரது புதினத்தில் (1968) செய்தி வானொலி அலையாக வருவதில்லை; நியூட்ரினோப் பொழிவாக வருகிறது. அது செய்தியெனத் தெரியவருவதும் மறுமுறையாலேயே: சீரற்ற எண்களின் அட்டவணை எனக் கருதப்பட்ட பதிவில் அதே வரிசை திரும்ப வருகிறது. நெவாடாப் பாலைவனத்தின் பழைய அணுகுண்டுச் சோதனைத் தளத்தில், இராணுவத்தின் கண்காணிப்பில், அறிஞர் கூட்டமொன்று அதனை வாசிக்க முயல்கிறது. கணிதவியலாளர் பீட்டர் ஹோகார்த்தின் தன்கூற்றாக விரியும் அந்நூலில் செய்தி கடைசிவரை வாசிக்கப்படுவதில்லை. அதிலிருந்து ஒரு விந்தைப் பொருளை உருவாக்குகின்றனர். ஆயுதமாகுமோ என அஞ்சி ஒரு விளைவை இருவர் மறைக்க முயல்கின்றனர். அனுப்பியவர் யார், கருதியது யாது என்பன தெரிவதில்லை. செய்திதானா என்பதும்கூட ஐயத்துக்குள்ளாகிறது.

சேகனின் அயலார் பாடநூல் எழுதும் நல்லாசிரியர்கள். தம் மொழியைத் தாமே கற்பிக்கும் முன்னுரையைச் செய்திக்குள் வைக்கின்றனர். லெம்மின் அயலார் நம்மைக் கருதினரா என்பதே ஐயம். அவரது நூலில் வாசிப்பு என்பது வாசிப்பவரின் நிழலையே காட்டுகிறது. இந்நேர்மைக்கு லெம் தந்த விலையும் உண்டு. ஹோகார்த்தைத் தவிர மனிதர் எவரும் அந்நூலில் முழுமையாக உயிர்பெறுவதில்லை. பெண்மாந்தர் அனேகமாக இல்லை. பல பக்கங்கள் தனித்தனிக் கட்டுரைகளாகவே நிற்கின்றன. எல்லியைப் போல வாசகர் மனத்தில் தங்கும் ஒருத்தியை லெம்மால் படைக்க இயலவில்லை. ஆயினும் தெரியவில்லை என்று சொல்லும் துணிவு எவர் நூலில் உள்ளது எனக் கேட்டால், ஐயமின்றி லெம்மின் பக்கமே கைநீளும்.

துறையின் அண்மைக்கால வரலாறும் லெம்முக்கே அணுக்கமாக உள்ளது. 2019இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரியின் திசையில் 982 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் ஒரு சமிக்ஞையைப் பதிவுசெய்தது. நீண்ட ஆய்வுக்குப்பின் 2021இல் அது மனிதக் கருவிகளின் குறுக்கீடே என ஆய்வாளர்களே அறிவித்தனர். அதே தொலைநோக்கியில் பல ஆண்டுகள் புதிராயிருந்த வேறுவகைத் துடிப்புகள், வானாய்வகத்தின் நுண்ணலை அடுப்பை அது நிற்குமுன் திறந்ததால் எழுந்தவை என 2015இல் தெரியவந்தது. நகைப்புக்குரியதாகத் தோன்றும் இச்செய்தியைக் கண்டறிந்து வெளியிட்டவர்களும் அத்தொலைநோக்கியைப் பயன்படுத்திய வானியலாளரே.

அன்னையின் கடிதம்

இறுதி இயலில் பை வட்டத்துக்கு முன்பாகச் சேகன் மற்றொரு செய்தியையும் வைத்துள்ளார். வட்டத்தின் ஒளியில் அது பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. எல்லியின் அன்னை இறந்தபின் படிக்குமாறு விட்டுச்சென்ற கடிதம் அது. மாற்றாந்தந்தை என எண்ணி எல்லி வாழ்நாளெல்லாம் வெறுத்து ஒதுக்கிய ஜான் ஸ்டாட்டனே அவளைப் பெற்ற தந்தை. கடற்கரையில் அயலார் எவருடைய உருவில் வந்தனரோ, அவர் வளர்த்த தந்தை. 26 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்ததைக் கேட்டவள், ஒரே வீட்டிலிருந்த ஒருவரைத் தவறாகக் கேட்டிருக்கிறாள்.

அறிவியல் நோக்கில் இக்கடிதத்தின் நிலை வியப்பானது. அது தனியொருத்தியின் உரை. எழுதியவர் இன்று இல்லை. மறுமுறை கேட்க இயலாது. வேறொரு சான்றும் அருகில் இல்லை. குருதிச் சோதனை எதனையும் எல்லி நாடுவதில்லை. தன் ஐவர் குழுவின் அனுபவத்தைக் கணிதம் உறுதிசெய்யும்வரை காத்திருக்கும் அவள், அன்னையின் கடிதத்தைப் படித்து முடித்த அக்கணமே நம்பிவிடுகிறாள்.